சொல்லிட்டு என்ன செய்வாக?

'சாரி' என்ற ஆங்கில வார்த்தைக்குச் சுலோவாக்கிய மொழியில் என்ன என்று கேட்டால் அக்காவிடமிருந்து உடனே பதில் வராது. "யாரு, யாருகிட்டச் சொல்றாக?" என்பார். அதைச் சொன்னதும், "சொல்லிட்டு என்ன செய்வாக?" என்பார். இரண்டுக்கும் பதில் கிடைத்தால்தான் வாயைத் திறந்து வார்த்தையைச் சொல்வார். எங்கள் பிரஸ் மேனேஜருக்கு இது தாங்க முடியாத எரிச்சல். ஒரு வார்த்தை கேட்கப் போனால் போலீஸ் ஸ்டேஷனில் விசாரிப்பது மாதிரி விசாரிக்கிறாரே என்று அக்கா காதில் விழும்படியே முணுமுணுப்பார். அவரும் அதைக் கேட்டுக்கொண்டு, பதில் வரும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

அப்போது நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற வேலை பார்த்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து ஆர்டர்கள் வரத் தொடங்கியிருந்த சமயம். தீப்பெட்டி லேபிள், வாழ்த்து அட்டை, பிள்ளைகளின் படப்புத்தகம் என்று எல்லாம் மும்பையில் ஒரு ஏஜென்ட் வழியாக வரும். மற்ற மொழிகளை அவரே அனுப்பிவிடுவார். சுலோவாக்கிய மொழிக்கு மட்டும் ஆள் கிடைக்காமல் தவித்தபோது எங்கள் முதலாளி, "அதுக்கு எங்க சொந்தத்துலயே ஆளு இருக்கு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார்.

சொன்னது பொய்யில்லை. ஊரில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிற பெரிய குடும்பம் ஒன்றின் மூத்த மருமகள் அந்த நாட்டுக்காரர். செக்கோஸ்லோவாக்கியா என்று ஒரே நாடாக இருந்த காலத்தில் அந்த வீட்டு மூத்த மகன் அங்கே வேதியியல் படிக்கப் போய், படிப்போடு ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு திரும்பினார். நான் பார்க்கும்போது அந்தப் பெண் இங்கே வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. ஊருக்கு அவர் வெள்ளைக்காரம்மா. எனக்கு அக்கா.

நல்ல உயரம். சணல் நிறத்தில் முடி, அதில் பாதி நரை. எந்தச் சேலை கட்டினாலும் கணுக்காலுக்கு மேலேதான் நிற்கும். கையில் எப்போதும் ஓர் ஆம்பளைக் குடை. தமிழை அவர் வீட்டு அடுப்படியில் கற்றுக்கொண்டதால் வேலைக்காரப் பெண்கள் பேசுகிற பேச்சு அப்படியே வந்திருந்தது. "சாப்பிட்டீகளா, எம்புட்டு நேரமா உக்காந்திருக்கீக" என்று முதல்முறை அவர் கேட்டபோது நான் திரும்பிப் பின்னால் யாராவது பேசினார்களா என்று பார்த்தேன். 'ழ' மட்டும் வராது. வாளைப்பளம் என்பார். எங்கள் ஊரில் அதை ஒரு குறையாகச் சொல்ல யாருக்கும் யோக்கியதை கிடையாது.

ஒரு வாழ்த்து அட்டை ஆர்டர் வந்தபோதுதான் எனக்கு அவருடைய கேள்விகள் பழக்கமாயின. மூன்று அட்டைகள். ஒன்றில் கரடிப் பொம்மை ஒன்று உடைந்த கோப்பைக்குப் பக்கத்தில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். இன்னொன்றில் காற்றுப் போன பலூனும் வெட்டி முடித்த கேக்கும். பிறந்தநாளை மறந்தவர்கள் அனுப்புவதற்கு. மூன்றாவதில் வெள்ளைப் பூவும் ஒரு மெழுகுவத்தியும். மூன்றுக்கும் நேராக ஏஜென்ட் 'சாரி' என்றே அடித்து அனுப்பியிருந்தார். மேனேஜர் கணக்கு எளிது. ஒரு வார்த்தை, அதற்குத் தங்க ஃபாயில் அடிக்க ஒரு அச்சுப் பிளாக், மூன்று அட்டைக்கும் அதையே அடித்துத் தள்ளிவிடலாம்.

அக்கா படங்களைக் காட்டச் சொன்னார். பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கரடியை வெகுநேரம் பார்த்தார்.

"இது அடுத்தாப்புல என்ன செய்யும்?"

மேனேஜர், கரடி என்ன செய்யும், அட்டையில் நிற்கும் என்றார். அவர் சிரிக்கவில்லை. கோப்பையை ஒட்டித் தருமா, புதிது வாங்கித் தருமா என்று கேட்டார். எப்படியோ ஒன்று செய்யும் என்று நான் சொல்லிவைத்தேன். அப்படியானால் 'ப்ரெபாச்' என்றார். என்னை மன்னித்துவிடு என்று அர்த்தமாம். மன்னித்தால் மேற்கொண்டு ஏதாவது செய்து சரிக்கட்டலாம் என்கிற இடத்தில் சொல்வது. பலூனுக்கும் அதுதான். வெள்ளைப் பூவுக்கு வந்தபோது வேறு வார்த்தை சொன்னார். 'யே மி தோ லியூதோ'. தமிழில் கிட்டத்தட்ட, எனக்கு இது நோகிறது என்று வரும்.

"இதுல செய்யறதுக்கு ஒண்ணுமில்ல தாயி. கூட உக்காரலாம். அம்புட்டுத்தான். அதுக்கு இந்த வார்த்தை."

பஸ்ஸில் இடித்துவிட்டு இறங்கிப் போகிறவனுக்கு வேறு, சரக்கு இல்லை என்று கையை விரிக்கிற கடைக்காரனுக்கு வேறு என்று அடுக்கினார். மேனேஜருக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. ஒரே பிளாக்கில் முடியுமா முடியாதா என்றார். முடியாது என்றார் அக்கா. கரடியின் வார்த்தையை வெள்ளைப் பூவில் அடித்தால், செத்த வீட்டுக்குப் போய்த் தெரியாமல் காலை மிதித்துவிட்டேன் என்று சொல்வது மாதிரி இருக்கும் என்று அவர் சொன்னதும் மேனேஜர் எழுந்து போய்விட்டார். கடைசியில் இரண்டு பிளாக் செய்தோம். மெஷின் அதுவரை சும்மா நின்றது.

இது மொழிபெயர்ப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவரிடம் யார் சாரி சொன்னாலும் இதே கதைதான். வீட்டில் வேலைக்காரப் பெண் கண்ணாடித் தம்ளரை உடைத்துவிட்டு, டிவி பார்த்த பழக்கத்தில் "சாரிக்கா" என்றால், "சரி, அப்பறம்?" என்பார். அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வரும்வரை அந்த 'அப்பறம்' காற்றிலேயே நிற்கும். ஒருமுறை புரூஃப் காட்ட நான் தாமதமாகப் போனேன். வழக்கம்போல ஒரு சாரி சொன்னேன். புருவத்தை உயர்த்திக்கொண்டு என்னையே பார்த்தார். அடுத்த தடவை நேரத்துக்கு வருகிறேன் என்று சொன்ன பிறகுதான் கண்ணாடியைத் தேடினார். எனக்குச் சுருக்கென்றது. இந்த ஊரில் சாரி என்பது தும்மல் மாதிரி, வந்தால் வந்தது. அதற்குப் போய் யாரும் பதில் வைத்துக்கொண்டு அலைவதில்லை. அவரைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள் என்றால் எனக்கு ஆச்சரியமில்லை. எனக்கே சில நாள் பிடிக்காது.

இந்தக் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஆனால் ஒரு விஷயம் சொன்னார். அவர் இங்கே வந்த புதிதில் ஊரில் அவருடைய அம்மா இறந்துவிட்டார். தந்தி வந்து சேர்ந்தபோது அங்கே அடக்கமே முடிந்திருந்தது. போகவும் வழியில்லை. செய்தி தெரிந்து தெருப் பெண்கள் எல்லோரும் துட்டி கேட்க வந்தார்கள். முன்பின் பார்த்திராத அந்தச் சாவுக்காக அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக எழுந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே போனார்கள். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்தவர்களை வழியனுப்ப வேண்டாமா என்று வாசல்வரை ஓடி, அப்போது தெரிந்த கொஞ்சத் தமிழில், "போயிட்டு வாங்க" என்றிருக்கிறார். பெண்கள் விறைத்துப் போய்விட்டார்கள். மாமியார் இவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

துட்டி வீட்டில் போகிறவர்கள் வாரேன் என்று சொல்லக் கூடாது, இருக்கிறவர்கள் வாங்க என்று சொல்லக் கூடாது, சொன்னால் இன்னொரு சாவுக்கு அழைத்த மாதிரி ஆகிவிடும் என்று மாமியார் விளக்கினாராம். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. அக்கா அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் என்னிடம் சொல்லும்போது குரல் மாறிவிட்டது.

"எல்லாரும் நல்லா அழுதாக தாயி. ஒருத்தராவது வாரேன்னு சொல்லியிருந்தா எனக்கு ஆறுதலா இருந்திருக்கும்."

அந்த வருடம் தீபாவளிக்கு முந்தைய சீசன். காலை வேலை சூடுபிடித்த நேரத்தில் சத்தம் கேட்டது. இந்த ஊரில் அந்தச் சத்தத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் மொட்டைமாடிக்கு ஏறினோம். முதலில் எந்தப் பக்கம் என்றுதான் பார்ப்போம். பிறகு அந்தப் பக்கம் யார் வீட்டு ஆள் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் தேடுவோம். புகை எம். புதுப்பட்டிப் பக்கம் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது, அக்கா வீட்டுக் கம்பெனிதான். வெடிமருந்து கலக்கிற அறை. அங்கே வேலை செய்த ஒருவர் அந்த இடத்திலேயே இறந்துவிட்டார், சிலருக்குத் தீக்காயம். இறந்தவரின் மனைவி முத்துமாரி அதே கம்பெனியில் கம்பி மத்தாப்பு பாக்கெட் போடுகிறவள். வீடும் எம். புதுப்பட்டியிலேயே.

அதன்பின் நடப்பதெல்லாம் ஊரில் வழக்கமாக நடப்பவைதான். போர்மேனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. முதலாளி, அதாவது அக்காவின் கணவர், முன்ஜாமீன் கிடைக்கும்வரை வெளியூர் போய்விட்டார். இறந்தவரின் கவனக்குறைவுதான் காரணம், மருந்தை அழுத்தித் தேய்த்துவிட்டார் என்று கம்பெனி தரப்பில் சொல்லப்பட்டது. வீட்டுப் பெண்கள் யாரும் அந்தக் கிராமத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது, போனால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், ஜாமீனே சிக்கலாகும் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

மறுநாள் அக்காவின் கொழுந்தன் ஒரு போஸ்டருக்கு ஆர்டர் கொடுத்தார். அதை நான்தான் அமைத்தேன். மேலே கண்ணீர் அஞ்சலி, நடுவில் இறந்தவரின் அடையாள அட்டையிலிருந்து எடுத்த படம், அதன்கீழ் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம், இப்படிக்கு நிர்வாகம். படத்தைச் சுற்றிப் பூ பார்டர் வைத்துக்கொண்டிருந்தபோது குடையை மடக்கிக்கொண்டு அக்கா உள்ளே வந்தார். எனக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். அவர் கேட்கப் போவது எனக்குத் தெரிந்துவிட்டது.

"யாரு சொல்றாக?"

நிர்வாகம் என்றேன்.

"யாருகிட்ட?"

முத்துமாரியிடம் என்றேன்.

"சொல்லிட்டு என்ன செய்வாக?"

"ஒட்டுவாகக்கா" என்றேன். கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் நடக்கப் போவது.

அவர் மடக்கின குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு, எம். புதுப்பட்டிக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டார். வீட்டுக் காரை எடுத்தால் விட மாட்டார்கள் என்றும், தனியாகப் போனால் வீடு தெரியாது என்றும் சொன்னார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. எங்கள் பிரஸ் முதலாளி அந்தக் குடும்பத்துக்குச் சொந்தக்காரர். ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்பதும் தெரியாது. ஆனால் அவர் ஏற்கனவே படியிறங்கிவிட்டார். நான் கம்ப்யூட்டரை அணைக்காமலேயே பின்னால் போனேன்.

பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். விபத்தன்று காலை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் கணவர் போர்மேனுக்குப் போன் செய்திருக்கிறார்.

"லோடு இன்னைக்கே ஏறணும், அந்த ரூமுல இன்னும் ஆளப் போடுன்னாரு. அந்தப் பக்கம் போர்மேன் என்ன சொன்னாருன்னு எனக்குக் கேக்கல. இவரு அதையே திரும்பச் சொன்னாரு. அதுவும் சத்தமா. நான் இட்லி வச்சுக்கிட்டு இருந்தேன்."

அறைக்கு இத்தனை பேர்தான் என்று ஒவ்வொரு கம்பெனிச் சுவரிலும் பெயிண்டில் எழுதியிருக்கும். அதற்கு மேல் ஆளைப் போட்டால் என்ன ஆகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தப் போனைக் கேட்ட மனிதர்கள் இரண்டு பேர். ஒருவர் லாக்கப்பில் வாய் திறக்கப் பயந்துகொண்டு இருந்தார். இன்னொருவர் என் பக்கத்தில் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பந்தலுக்குள் நாங்கள் நுழைந்ததும் அழுகை நின்றது. ஆம்பளைகள் இருந்த பக்கத்திலிருந்து ஒருவர், முதலாளி வரமாட்டாராம், பொம்பளையை அனுப்பியிருக்காராம் என்று எங்களுக்குக் கேட்கும்படி சொன்னார். உடல் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய், பெண்களுக்கு நடுவே தரையில் முத்துமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தார். அவள் உருவிக்கொள்ளவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

வெகுநேரம் கழித்து முத்துமாரிதான் பேசினாள்.

"மருந்து வேலையில அவரு கைய எல்லாரும் பெருமையாச் சொல்லுவாக. இப்ப அவராலதான் வெடிச்சுச்சுன்னு எழுதப் போறாகளாம். எம் பிள்ளைக அதத்தான் படிக்கணுமா? நீங்க சொல்லுங்க, அது நெசமா?"

பந்தலே அக்காவின் முகத்தைப் பார்த்தது. நானும்தான். அவர் பதில் சொல்லவில்லை. அந்தக் கையை விடாமல், உடல் வந்து, குளிப்பாட்டி, எடுத்துக்கொண்டு போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. ஒரு 'இல்லை' சொல்ல இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து முடியாமல் போய்விட்டதே என்று நினைத்தேன்.

பெண்கள் ஒவ்வொருவராகப் பேசாமல் எழுந்து போகத் தொடங்கினார்கள். நாங்களும் எழுந்தோம். வாசற்படியில் அக்கா நின்றார். திரும்பி, முத்துமாரியைப் பார்த்து நிதானமாக, "நான் வாரேன்" என்றார்.

ஒரு கிழவி அடிவயிற்றில் அடித்துக்கொண்டாள். வெள்ளைக்காரிக்கு என்ன தெரியும், விடுங்க என்று யாரோ அடக்கினார்கள். நான் அவரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். தெரியாமல் சொல்லவில்லை என்பது அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த வாரம் ஆர்.டி.ஓ. விசாரணை நடந்தது. கம்பெனி ஆட்கள் வக்கீலோடு உட்கார்ந்திருந்தபோது, யாரும் கூப்பிடாமல் அக்கா குடையோடு உள்ளே போயிருக்கிறார். விபத்தன்று காலை இட்லி வைத்தது முதல் போனில் கேட்டதுவரை தமிழிலேயே சொல்லி, அதை எழுதிக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். கொழுந்தன் அங்கேயே எழுந்து கத்தியதாகச் சொன்னார்கள். முடிவில் என்ன எழுதினார்கள் என்பது எனக்கு முழுதாகத் தெரியாது. இறந்தவரின் கவனக்குறைவு என்ற வரி அதில் இல்லை என்பது மட்டும் ஊர் முழுக்கத் தெரிந்தது.

கணவர் கொஞ்ச நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். அவர்கள் பிரியவில்லை. அவர் கீழே, இவர் மாடியில் என்று அதே வீட்டில் இருந்தார்கள். மாமியார் பேச்சை நிறுத்திவிட்டார். எங்கள் முதலாளி அக்காவைப் பிரஸ்ஸுக்குள் விடக் கூடாது என்று வாட்ச்மேனிடம் சொல்லிவைத்தார். அதற்குப் பிறகு வந்த அட்டைகளுக்கு மும்பையிலிருந்தே ஒரே வார்த்தை வந்தது, மேனேஜர் ஒரே பிளாக்கில் சந்தோஷமாக அடித்தார். சில வருடம் கழித்து அக்கா சென்னையில் மகளோடு இருப்பதாக ஒருவரும், தன் நாட்டுக்கே திரும்பிவிட்டதாக இன்னொருவரும் சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை. யாராவது என்னிடம் சாரி என்றால், 'அப்பறம்' என்பது தொண்டைவரை வருகிறது. சொல்லத் தைரியம் வந்ததில்லை.

ஆனால் அந்த விசாரணைக்குப் பிறகு ஒரு நாளைச் சொல்ல வேண்டும். இறந்தவருக்குப் பதினாறாம் நாள் கருமாதி. அக்கா பஸ் ஸ்டாண்டில் நிற்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். இந்த முறை பந்தலில் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். சடங்கு முடிந்து சாப்பாடும் ஆனதும் வந்தவர்கள் வழக்கம்போலச் சொல்லாமல் கலைந்தார்கள். அக்கா குடையை எடுத்துக்கொண்டு, அதே வாசற்படியில் நின்று, "வாரேன்" என்றார்.

கிழவி இந்த முறையும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மூலையில் சுருண்டிருந்த முத்துமாரி எழுந்தாள். அன்றைக்கு அவள் வாசல்பக்கம் வரக் கூடாது. வந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு, வெளியே தெருவரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"போயிட்டு வாங்க."